கண்ணாடி இழை நீரில் வலுவிழப்பது ஏன்?

கேள்வி (கரையோரன்):
எங்கள் குடும்பத்தின் ஃபைபர் படகு, சுனாமிக்கு அடுத்த ஆண்டான 2005-இல் கட்டப்பட்டது. கரையில் இழுத்து ஏற்றும்போதெல்லாம் மணலில் உராய்ந்து, அடிப்பகுதியில் ஓரிடத்தில் ஜெல்கோட் (படகின் வெளிப்புறப் பாதுகாப்புப் பூச்சு) முழுவதும் தேய்ந்து இழைகள் வெளியே தெரிகின்றன. அங்கே சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. அழுத்தினால் முன்பிருந்த விறைப்பும் இல்லை. சன்னல் கண்ணாடி எத்தனையோ மழைக்காலங்களைத் தாங்கி நிற்கும்போது, இழை மட்டும் நீரில் கெடுவது எப்படி? நன்றாகக் காயவைத்து மேலே ரெசின் (இழைகளைச் சேர்த்து இறுகவைக்கும் பிசின்) பூசினால் பழைய வலு திரும்புமா?

பதில் (மணற்படிகம்):
வணக்கம் ஐயா. சன்னல் கண்ணாடியையும் நீர் அரிக்கவே செய்கிறது. ஆனால் அது வெளியே தெரிவதில்லை. 4 மி.மீ. தடிமனுள்ள சன்னல் கண்ணாடி ஒரு கிலோவுக்கு இருபுறமும் சேர்த்து 0.2 சதுர மீட்டர் பரப்பே நீருக்குக் காட்டுகிறது. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இழையோ ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 150 சதுர மீட்டர் காட்டுகிறது. மேற்பரப்பில் ஒரு மைக்ரோமீட்டர் கரைந்தால் சன்னலுக்கு ஒன்றும் ஆகாது, இழையோ தன் குறுக்குவெட்டில் 36 விழுக்காட்டை இழந்துவிடும்.

முதலில் கண்ணாடியிலுள்ள சோடியம், கால்சியம் அயனிகள் நீரில் இறங்க, அவற்றின் இடத்தை நீரின் ஹைட்ரஜன் அயனிகள் பிடிக்கின்றன. இதனால் இழையை ஒட்டித் தேங்கும் நீர் காரத்தன்மை பெறுகிறது; அது மிகும்போது சிலிக்கன்–ஆக்சிஜன் பின்னலே கரையத் தொடங்குகிறது. படகுகளில் பயன்படும் ஈ-கண்ணாடி என்ற இழைக் கண்ணாடி வகையில் சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் இது மிக மெதுவாகவே நடக்கும். சன்னல் கண்ணாடியின் கலவையில் அதே தடிமனுக்கு இழை இழுத்திருந்தால் உங்கள் படகு இத்தனை ஆண்டு தாங்கியிருக்காது.

பதில் (பட்டறைக்காரர்):
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் படகில் உதிர்வது பெரும்பாலும் கண்ணாடி அன்று. இழையையும் ரெசினையும் பிணைத்திருந்த பற்று விட்டுப்போயிருக்கிறது. இழையின் மேல் ஆலையிலேயே பூசப்படும் சிலேன் என்ற மெல்லிய பூச்சுதான் இரண்டையும் இணைக்கிறது. வெட்டுண்ட இழைமுனை வெளியே தெரிந்தால், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த இடைவெளி வழியே நீர் உள்ளே ஏறி, அந்தப் பிணைப்பை உடைக்கிறது. ரெசின் நீரை உறிஞ்சி மென்மையானது காய்ந்தால் ஓரளவு மீளும். விட்டுப்போன பற்று முழுமையாக மீளாது. எனவே பழையதன் மேல் ரெசின் மட்டும் பூசுவது பயன் தராது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒலி மங்கும் எல்லைவரை தேய்த்து எடுத்து, நல்ல நீரால் உப்பு போகக் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே புதிய மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்ட வேண்டும். பழைய பரப்பில் பாலியெஸ்டர் ரெசினைவிட எப்பாக்சி ரெசின் நன்கு பற்றும்.

பதில் (மணற்படிகம்):
ஒன்றை விட்டுவிட்டேன். பளுவும் நீரும் சேர்ந்தால் சேதம் விரைவாகும். இழையின் மேலுள்ள நுண்கீறலின் முனையில் இழுபட்டு நிற்கும் பிணைப்பை நீர் மூலக்கூறு எளிதில் அறுத்துவிடுவதால், கீறல் தானாகவே வளர்கிறது. நீர் செயல்பட முடியாத திரவ நைட்ரஜன் குளிரில் சிலிக்கா இழையின் வலு இரண்டு மடங்குக்கும் மேல் உயர்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆகவே பழுது பார்க்கும்வரை படகை அந்த இடத்தில் பளு விழும்படி கட்டைமேல் நிறுத்தாதீர்கள்.

கரையோரன்:
நன்றி ஐயா. கட்டையை இன்றே நகர்த்திவிடுகிறேன். தட்டிப் பார்த்து, மங்கல் ஒலி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எழுதுகிறேன்.