மிருதங்க அறைக்குக் கீழே ஓவியக்கூடம் வைக்கலாமா?

கேள்வி:
கட்டடக்கலை இறுதியாண்டு மாணவன். பல்கலைக்கழக இசைத்துறையையும் ஓவியம், சிற்பத்தையும் ஒரே கட்டடத்தில் அடக்க வேண்டும். மிருதங்கப் பயிற்சி அறைகளை மாடியில் வைத்தேன். ஆசிரியர் மாற்றச் சொல்லிவிட்டார். சுவரைத் தடிப்பாக்கினால் போதாதா?

பதில் 1:
போதாது தம்பி. ஒலித்தடுப்பு வேலையில்தான் என் பிழைப்பு. தொப்பியின் (மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கம்) அதிர்வு தளம் வழியாகவே இறங்கிவிடும். ரப்பர் தாங்கிகள் மேல் மிதக்கும் தரை, அதன் மேல் சுவர், கூரை என அறைக்குள் அறை கட்ட வேண்டும். ஒருமுறை எல்லாம் செய்துவிட்டுக் கதவடியில் அரை அங்குல இடைவெளியை விட்டுவிட்டோம். பக்கத்து அறை வீணை டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எதிரெதிர்ச் சுவர்களும் இணையாக வேண்டாம், ஒன்றைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். முட்டை அட்டை ஒட்டும் யோசனை இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள்.

பதில் 2:
இசை கீழே, ஓவியம் மேலே. ஓவியருக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2008 வெள்ளத்துக்குப் பிறகு இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடமே கட்டியது. இரண்டும் 2016இல் திறந்தன. ஸ்டீவன் ஹால் வடிவமைத்த காட்சிக்கலைக் கட்டடத்தில் தளங்களைக் குடைந்து ஏழு ஒளிமுற்றங்கள் வைத்திருக்கிறார். வரைபடத்தைத் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, மிருதங்கம் கீழே வந்தாச்சு. சிற்பக்கூடத்தில் கல் வெட்டும் சத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பதில் 1:
வெளியே, தனிக் கொட்டகையில். உள்ளே தூசித் தொல்லையும் இருக்காது.