ஒரு வார நேரத்தை கூட்டினா 38.90 வருது, சூப்பர்வைசர் 40.17ங்கறாரு – அவசரம்

ராத்திரி_ஷிப்ட்:
வேலை பார்த்த நேரத்தை எல்லாம் ஷீட்ல போட்டு கூட்டினா 38.90 வருது, ஆனா சூப்பர்வைசர் 40.17னு சொல்றாரு. எது சரி? நாளைக்குள்ள அனுப்பணும், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

செல்_கிறுக்கன்:
எக்செல்லா கூகுள் ஷீட்டா? செல் ஃபார்மட் நம்பரா டைமா? என்ன நம்பரை கூட்டினீங்க? ஒண்ணுமே சொல்லாம எது சரின்னா நாங்க ஜோசியமா பார்க்கிறது

மதியத்தூக்கம்:
ஃபார்மட்தான், கண்ண மூடிட்டு சொல்வேன். சாதா டைம் ஃபார்மட்ல கூட்டுத்தொகை 24 மணிய தாண்டினா மறுபடி 0ல இருந்து ஆரம்பிச்சிடும், 40:10ங்கறது 16:10னு தெரியும். ஃபார்மட்ல மணிக்கான எழுத்தை [h]:mmனு சதுர அடைப்புக்குள்ள போட்டா சரியாயிடும்.

செல்_கிறுக்கன்:
அவருக்கு 16 எங்க வந்துச்சு? கேள்விய படிச்சிட்டு பதில் போடுங்க.

கணக்குப்புலி:
மறுபடியும் இதே கேள்வி. ஒரு மணிக்கு 60 நிமிஷம் தம்பி, 100 இல்ல. சின்ன கிளாஸ் பாடம். தேடிப் பார்த்துட்டு கேக்குற பழக்கமே போயிடுச்சு.

ராத்திரி_ஷிப்ட்:
எக்செல். திங்கள்ல இருந்து வெள்ளி வரை 7.45, 8.30, 7.50, 8.10, 7.55

வடைமாலை:
இதுல 7.45ன்னா 7 மணி 45 நிமிஷமா, இல்ல தசமமா? தசமம்னா 0.45ஐ 60ஆல பெருக்கி 27 நிமிஷம், அதாவது 7:27. மொத்த மாசத்தையும் ஒருதடவ ஓட்டிப் பாருங்க, புள்ளிக்கு அப்புறம் 75, 80ன்னு 59க்கு மேல எங்கயாவது இருந்தா அது தசமம். ஒண்ணுகூட இல்லன்னா நிமிஷம்தான்.

ராத்திரி_ஷிப்ட்:
59க்கு மேல ஒண்ணும் இல்ல

வடைமாலை:
அப்போ சூப்பர்வைசர் சொல்றதுதான் சரி. மணி மட்டும் 37, நிமிஷம் 45+30+50+10+55 = 190, அதாவது 3 மணி 10 நிமிஷம். மொத்தம் 40:10. அந்த 10ஐ 60ஆல வகுத்தா 0.1667, அதான் 40.17. உங்க ஷீட் 190 நிமிஷத்தை 1.90னு கூட்டி வச்சிருக்கு.

செல்_கிறுக்கன்:
இதுக்குன்னே டாலர்டிஇ (DOLLARDE) ஃபங்ஷன் இருக்கு, பின்ன விலைய தசமமா மாத்த வச்சது, நேரத்துக்கும் அம்சமா வேலை செய்யும். செல்லுக்கு அப்புறம் 60 குடுங்க, 7.45 போனா 7.75 வரும். திருப்பி மாத்த டாலர்எஃப்ஆர் (DOLLARFR).

கணக்குப்புலி:
சுத்தி வளைச்சு மூக்கத் தொடுறது. மொதல்லயே புள்ளிக்கு பதிலா முக்காற்புள்ளி வச்சு 7:45னு அடிச்சிருந்தா இந்தப் பாடு இல்ல. எக்செல்லுக்கு ஒரு நாள்னா 1, அதனால கூட்டி 24ஆல பெருக்கி, செல்ல நம்பர் ஃபார்மட்டுக்கு மாத்தினா முடிஞ்சது.

வடைமாலை:
அதுவும் சரிதான். இன்னொன்னு, புள்ளி வச்சு அடிச்சா கடைசி சுழிய எக்செல் தின்னுடும், 8.10ங்கறது 8.1ஆ நிக்கும். அத யாராவது 8 மணி 1 நிமிஷம்னு படிச்சா போச்சு, அதுக்கு 8.01 இருக்கணும்.

ராத்திரி_ஷிப்ட்:
40.17ஐ திருப்பி மாத்தினா 40:10:12 வருதே, இந்த 12 செகண்ட் எங்க இருந்து வந்துச்சு

வடைமாலை:
ரவுண்ட் பண்ணதுல வந்தது. 0.01 மணின்னா 36 செகண்ட், ரெண்டு இலக்கத்தோட நிறுத்தினா 18 செகண்ட் வரைக்கும் இப்படி அப்படி போகும். கூட்டி முடிச்சு கடைசியில மட்டும் ரவுண்ட் பண்ணுங்க.

மதியத்தூக்கம்:
இந்த 60ஐ ஒழிச்சிட்டு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிஷம்னு வச்சா என்னவாம்

கணக்குப்புலி:
பிரான்ஸ்ல 1793ல சட்டமே போட்டாங்க, நிமிஷத்துக்கு 100 செகண்ட், ஒரு செகண்ட் இப்போதைய 0.864தான். 1795ல கைவிட்டாங்க. மீட்டர், கிராம் கொண்டுவந்த அதே சட்டத்துலதான் இத நிறுத்தி வச்சாங்க, வேடிக்கை.

செல்_கிறுக்கன்:
60தான் நல்லது. மூணா பிரிச்சா சுத்தமா 20, நூற மூணா பிரிச்சுப் பாருங்க.

மதியத்தூக்கம்:
வாழ்க்கையில எத்தன தடவ மணிய மூணா பிரிச்சிருக்கீங்க?

செல்_கிறுக்கன்:
மூணு ஷிப்ட் ஓடுற எடத்துல தினமும்.

மதியத்தூக்கம்:
அது 24ஐ மூணா பிரிக்கிறது, 60ஐ இல்ல

ராத்திரி_ஷிப்ட்:
அனுப்பிட்டேன், தேங்க்ஸ்

புதுசு_நான்:
எனக்கும் இதே மாதிரிதான், ராத்திரி 10 மணிக்கு உள்ள போய் காலைல 6க்கு வெளிய வந்தா கழிக்கும்போது வெறும் வேலி அடையாளமா (####) வருது, என்ன பண்றது?

கணக்குப்புலி:
தனி இழை போடுங்க. எந்த வெர்ஷன்னு மொதல் வரியிலேயே எழுதுங்க.