நான்கு சுற்று அரித்தும் கல்தான் மிஞ்சுகிறது: ஹெர்2 எதிர்ப்பொருள் தேர்வில் உதவி தேவை

பால்மரத்து மகள், சுங்கை சிப்புட்

வணக்கம். நான் முதுகலை ஆய்வு மாணவி. விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். சோதனைக் குழாய்களை ஆய்வகத்தில் விட்டுவிட்டு, தலைவலியை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டேன்.

மார்பகப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஹெர்2 புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஃபேஜ் நூலகத்திலிருந்து (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் தொகுப்பு) தேர்ந்தெடுப்பது என் வேலை. ஒவ்வொரு எம்13 ஃபேஜும் தன் நுனியில் ஓர் ஒற்றைச் சங்கிலி எதிர்ப்பொருள் துண்டைத் தாங்கியிருக்கிறது. குழாயின் உட்சுவரில் ஹெர்2 பூசி, மிச்ச இடத்தைப் பால்பொடிக் கரைசலால் மூடி, ஃபேஜை ஊற்றிக் கழுவினேன். ஒட்டியதை டிரைஎத்திலமீனால் பிரித்து, டிரிஸ் சேர்த்துச் சமப்படுத்தி, டிஜி1 பாக்டீரியாவில் பெருக்கினேன். நான்கு சுற்று. வெளிவந்த ஃபேஜ் முதல் சுற்றில் ஒரு லட்சம், நான்காவதில் மூன்று கோடி. ஒட்டியதை நிறத்தால் காட்டும் எலைசா சோதனையின் அளவும் 0.1இலிருந்து 1.9க்கு ஏறியது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஹெர்2 நிறைந்த எஸ்கே-பிஆர்-3 புற்றுச் செல்களோடு கலந்து, செல்லில் ஒட்டியதை ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் வைத்தால் ஒன்றுமே இல்லை. ஒப்பீட்டுக்கு எதிர்மறைச் செல்லாக வைத்த எம்சிஎஃப்-7இலும் அதே கதை. மேற்பார்வையாளர் "இன்னொரு சுற்று ஓட்டு" என்கிறார்.

விவரம் கேட்பீர்கள் என்பதால்: புரதம் விலைக்கு வாங்கியது, மனித எஃப்சி பகுதியோடு இணைந்தது (எஃப்சி என்பது எதிர்ப்பொருளின் வால்பகுதி). செல்களை டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியை விட்டுத் தட்டிலிருந்து பிரித்தேன். காலையில் அம்மா அரிசி அரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கல்லை ஒதுக்கி அரிசியை உலையில் போடுகிறார். நான் கல்லை உலையில் போட்டுக்கொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

கூலிம்காரன்

எத்தனை முறை கழுவினீர்கள்? முதல் சுற்றில் பத்து முறை, அடுத்தடுத்து இருபது முறை, 0.1 விழுக்காடு ட்வீன்-20 (சோப்பு போன்ற பொருள்) கலந்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்). சுற்றுக்குச் சுற்று புரதத்தின் அளவையும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் துலாங் என்ற மரத்தட்டில் வெள்ளீயம் அரித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், முழு வித்தையும் தண்ணீரை ஆட்டுவதில்தான் இருக்கிறது.

பால்மரத்து மகள்

அப்படியேதான் கழுவினேன், அண்ணா. புரதத்தையும் குறைத்தேன்.

கிள்ளான் அக்கா

தங்கையே, கழுவுவதை விடு. விடையை நீயே எழுதிவிட்டு, அதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறாய்: "மனித எஃப்சி பகுதியோடு இணைந்தது".

உனக்கு வேண்டியது எதுவென்று நூலகத்துக்குத் தெரியாது. குழாயில் எது இருக்கிறதோ அதைப் பற்றும். ஹெர்2 மட்டுமா அங்கே இருந்தது? எஃப்சி இருந்தது, பால்பொடிப் புரதம் இருந்தது, பிளாஸ்டிக் இருந்தது. நான்கு சுற்றும் ஒரே குழாய், ஒரே புரதம், ஒரே பால்பொடி என்று ஓட்டினால், எஃப்சியைப் பற்றிய ஃபேஜும் உன் ஹெர்2 ஃபேஜோடு போட்டி போட்டு வளரும். எண்ணிக்கை ஏறுவதால் ஏதோ ஒன்று ஒட்டுகிறது என்று தெரியும். எது ஒட்டுகிறது என்று அந்த எண் சொல்லாது. நான் ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் ஆண்டில் பால்பொடிக்கு அருமையான எதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இன்றுவரை யாரும் அதைக் கேட்டு வரவில்லை.

ஆகவே ஐந்தாம் சுற்று வேண்டவே வேண்டாம். முதலில் நான்காம் சுற்றின் காலனிகளை ஒவ்வொன்றாக எடுத்து எலைசா செய். ஒரே தட்டில் நான்கு வகைக் குழிகள் வை: ஹெர்2-எஃப்சி, வெறும் மனித ஐஜிஜி (எஃப்சி கொண்ட சாதாரண எதிர்ப்பொருள்), வெறும் பால்பொடி, எதுவும் பூசாத குழி. கூடவே காலனி பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கி நீளம் பார்ப்பது). முழுத் துண்டு இருந்தால் பட்டை ஏறத்தாழ 750 டிஎன்ஏ இணைக்கு மேல் நிற்கும். துண்டை இழந்த ஃபேஜ்மிட்டை (துண்டின் மரபணுவைத் தாங்கும் டிஎன்ஏ வளையம்) சுமக்கும் பாக்டீரியாவுக்குப் பாரம் குறைவு, மற்றவற்றை முந்தி வளர்ந்துவிடும். அதனால்தான் பெருக்கும்போது 2 விழுக்காடு குளுக்கோஸ் சேர்த்து மரபணுவை அடக்கி வைக்கச் சொல்கிறார்கள். நீ சேர்த்தாயா?

இன்னொன்று. பிளாஸ்டிக்கில் ஒட்டிய புரதம் பெரும்பாலும் தன் உருவத்தில் இருப்பதில்லை. மரத்தில் வடியும் பாலும் கோப்பையில் உறைந்த ஒட்டுப்பாலும் ஒரே பாலா? குழாயில் தட்டையாகிப்போன ஹெர்2இன் உள்பக்கத்தைப் பற்றும் எதிர்ப்பொருளுக்கு உயிருள்ள செல்லில் பற்ற இடமே கிடைக்காது.

எஃப்சிதான் குற்றவாளி என்று தெரிந்தால் முதல் சுற்றில் கிளிசராலில் உறையவைத்த சேமிப்புக்குத் திரும்பிப் போ. நல்லவை இன்னும் அங்கே இருக்கும், நான்காம் சுற்றுக்குள் தொலைந்திருக்கலாம். ஃபேஜை மனித ஐஜிஜியோடு தாராளமாகக் கலந்து அரை மணி நேரம் வை. எஃப்சியைப் பற்றுகிறவை அதிலேயே சிக்கிக்கொள்ளும். அடுத்து எஃப்சி இல்லாத, பயோட்டின் ஏற்றிய ஹெர்2ஐக் கரைசலிலேயே பற்றவிட்டு, பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய காந்தமணிகளால் இழு. அதற்கு முன் வெறும் மணிகளோடு ஒருமுறை கலந்து மணியைப் பற்றுகிறவற்றைக் கழித்துவிடு. இல்லையென்றால் அடுத்த கேள்வி ஸ்ட்ரெப்டாவிடினைப் பற்றியதாக இருக்கும்.

செல்லறைவாசி, பினாங்கு

அக்கா சொன்னது சரி. ஆனால் டிரிப்சினை யாரும் தொடவில்லையே? செல்லை விடுவிக்கும்போது அது மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டக்கூடும். கால்சியம் இல்லாத பிபிஎஸ்ஸில் 2 மில்லிமோலார் ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) போதும், பொறுமையாகப் பிரியும். பிரித்த பின் எல்லாவற்றையும் பனிக்கட்டியில் 0.1 விழுக்காடு சோடியம் அசைடோடு செய்யுங்கள். சூட்டில் வைத்தால் செல் ஹெர்2ஐயும் அதில் ஒட்டியதையும் சேர்த்து உள்ளே விழுங்கக்கூடும். உயிருள்ள செல்லைக் கழுவ ட்வீன் கூடாது, பிபிஎஸ்ஸில் சிறிது ஆல்புமின் போதும்.

எதிர்மறைச் செல்லாக எம்சிஎஃப்-7 சரிப்படாது, அதில் ஹெர்2 குறைவாகவேனும் உண்டு. ஹெர்2 இல்லாத எம்டிஏ-எம்பி-468 எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஹெர்2ஐப் பற்றும் எதிர்ப்பொருள் மருந்தான டிராஸ்டுசுமாப்பை அதே செல்களில் வைத்துப் பாருங்கள். அதுவே ஒட்டாவிட்டால் உங்கள் ஃபேஜ் மீது பழி போடுவது நியாயமா?

ஓய்வுபெற்ற கிராணி

நடுவில் புகுவதற்கு மன்னியுங்கள். என் தங்கைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் ஊசி போடுகிறார்கள். அதுவும் இப்படி அரித்துத்தான் எடுத்ததா?

கிள்ளான் அக்கா

இல்லை, ஐயா. அது ஹைப்ரிடோமா வழி. கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் காட்டிய முறை: எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் பி செல்லை, ஓயாமல் பெருகும் மயலோமா என்ற புற்றுச் செல்லோடு இணைப்பார்கள். அப்படிக் கிடைத்த எலி எதிர்ப்பொருளின் பற்றும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை மனிதப் புரதமாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. தங்கை செய்யும் ஃபேஜ் வழிக்கு ஸ்மித்தும் வின்டரும் 2018இல் வேதியியல் நோபல் பரிசின் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். இரைப்பைப் புற்றுக்குத் தரும் ராமுசிருமாப் அந்த வழியில் வந்தது. ஊசி குறித்த மற்றச் சந்தேகங்களை மருத்துவரிடமே கேளுங்கள், ஐயா. தங்கைக்கு நலமாகட்டும்.

பால்மரத்து மகள் (ஏழு வாரங்கள் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். 48 காலனிகளில் 39 வெறும் மனித ஐஜிஜியைப் பற்றின. ஆறில் துண்டே இல்லை. குளுக்கோஸை நான் சேர்க்கவில்லை, அக்கா. மிச்சம் மூன்று பூசிய ஹெர்2ஐப் பற்றின, செல்லைச் சீண்டவே இல்லை. ஒட்டுப்பால்தான்.

டிராஸ்டுசுமாப் ஈடிடிஏ விட்ட எஸ்கே-பிஆர்-3இல் பிரகாசமாகத் தெரிந்தது. டிரிப்சின் விட்ட செல்லில் மங்கல். படத்தை மேற்பார்வையாளர் முன் வைத்தேன். ஐந்தாம் சுற்று என்ற பேச்சு நின்றது.

முதல் சுற்றின் சேமிப்பிலிருந்து ஐஜிஜியோடும் காந்தமணியோடும் இரண்டு சுற்று ஓட்டினேன். 32 காலனிகளில் ஏழு, எஸ்கே-பிஆர்-3ஐப் பற்றுகின்றன, எம்டிஏ-எம்பி-468ஐப் பற்றவில்லை. வரிசை படித்ததில் ஏழும் மூன்று வகைதான். மூன்று குறைவா?

கிள்ளான் அக்கா

மூன்று போதும். இப்போது டிராஸ்டுசுமாப்போடு போட்டிச் சோதனை வை: செல்லை முதலில் அதில் ஊறவைத்து, பிறகு உன் ஃபேஜை விடு. டிராஸ்டுசுமாப் ஹெர்2இன் நான்காம் பகுதியைப் பற்றுகிறது, பெர்டுசுமாப் என்ற இன்னொரு ஹெர்2 மருந்து இரண்டாம் பகுதியை. இரண்டும் தடுக்காத ஒன்று உன் மூன்றில் இருந்தால் எனக்குத் தனியாக எழுது. அதுவரை யாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுக்காதே.