வீட்டு வைஃபையில் ஓடிய ஆப், காசிமேட்டில் ஓடவில்லை

சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் ஆப் இணையாமல் தவித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு அண்ணனுக்கு ஆண்ட்ராய்டு ஆப் செய்து கொடுத்திருந்தேன். எத்தனை ஐஸ் பார் வேண்டும், எத்தனை மணிக்கு என்று படகுக்காரர்கள் அதில் போடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஆப்பைத் தொட ஆளில்லை. அந்த இடைவெளியில் சர்வரைப் புதிய கிளவுட் கணக்குக்கு மாற்றினேன். தண்டையார்பேட்டையில் என் வீட்டிலிருந்தே நாள்கணக்கில் சோதித்தேன். ஒரு பிசகும் இல்லை.

ஜூன் 14 மாலை போன் வந்தது. “இன்னா தம்பி, சுத்திக்கினே இருக்குது, ஆர்டர் போவல.” தடை முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பும் நேரம். ஐஸ் ஏறாமல் எந்தப் படகும் இறங்காது. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கூட்டத்தில் சிக்னல் அடைபட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே போனில் வீடியோ தடையில்லாமல் ஓடியது. சர்வர் முகவரியை போன் பிரவுசரில் போட்டேன், உடனே பதில் வந்தது. ஆப் மட்டும் பத்து நொடி சுற்றிவிட்டு “இணைக்க முடியவில்லை” என்றது. இந்த இடத்தில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. பிரவுசரில் வருகிறதே, அப்படியானால் கோளாறு ஆப்பின் கோடில்தான் என்று அதையே துருவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் சர்வருக்கு வந்த கோரிக்கைகள் பதிவாகும் லாக்கைத் திறந்தேன். ஆப்பிலிருந்து வந்த கோரிக்கை ஒன்றுகூட அதில் இல்லை. தவறான கோரிக்கை வந்திருந்தால் 400 என்றோ 500 என்றோ ஏதாவது பிழை எண் பதிவாகியிருக்கும். எதுவுமே இல்லை என்றால், கோரிக்கை வாசலுக்கே வரவில்லை. லேப்டாப்பை அந்த போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் கர்ல் கட்டளையை -4 (பழைய வகை இணைய முகவரியான ஐபிவி4 வழி) போட்டு ஒரு தடவை, -6 (புதிய வகையான ஐபிவி6 வழி) போட்டு ஒரு தடவை ஓட்டினேன். முதலாவது உடனே பதில் தந்தது. இரண்டாவது அப்படியே நின்றது.

புதிய சர்வருக்கு ஐபிவி6 முகவரியும் வந்திருந்தது. சர்வரின் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில், ஐபிவி6 முகவரிக்கான பதிவை (குவாட் ஏ ரெக்கார்டு) நானே சேர்த்திருந்தேன். ஆனால் வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வாலில், ஆப் வந்து சேரும் 443 போர்ட்டை 0.0.0.0/0 என்று ஐபிவி4-க்கு மட்டும் திறந்து, ஐபிவி6-க்கான ::/0 என்ற விதியைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். என் வீட்டு பிராட்பேண்டில் ஐபிவி6 கிடையாது, அதனால் அங்கே தெரியவில்லை. காசிமேட்டில் அந்த போனின் மொபைல் டேட்டாவில் ஐபிவி6 இருந்தது, அது இருந்தால் போன் முதலில் அதன் வழியாகத்தான் போகும். பிரவுசர் தப்பித்ததற்குக் காரணம், ஒரு முகவரி அசையவில்லை என்றால் ஒரு நொடிகூடக் காத்திராமல் மற்றதை முயலும். ஆப்பில் சர்வர் இணைப்பைக் கவனிக்கும் நிரல் தொகுப்பான ஓகேஎச்டிடிபியின் பழைய பதிப்பு அப்படிச் செய்யாது. ஒரு முகவரிக்குப் பத்து நொடி காத்திருந்த பிறகுதான் அடுத்ததற்குப் போகும். மொத்த அழைப்புக்கே பத்து நொடி என்று நான் வரம்பு வைத்திருந்தேன். அடுத்த முகவரிக்கு நேரமே மிஞ்சவில்லை.

குவாட் ஏ ரெக்கார்டை நீக்கியிருந்தால், ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பழைய பதில் கேஷில் இருந்து போக ஒரு மணி நேரம் வரை ஆகும், அதற்கு வைத்த ஆயுள் (டிடிஎல்) 3600 நொடி. அதனால் ஃபயர்வாலில் விதியைச் சேர்த்தேன். மறுபடி கர்ல் போட்டால் “கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு”. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது! பதிலே வராமல் நிற்பது என்றால் வழியில் யாரோ டேட்டா பாக்கெட்டை விழுங்குகிறார்கள். மறுப்பு வந்தால் சர்வர் வரை போய்விட்டோம், அங்கே கேட்க ஆளில்லை என்று அர்த்தம். மறுப்பு உடனே வருவதால் ஆப்பும் அடுத்த முகவரிக்குத் தாவி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சர்வரில் கோரிக்கைகளை வாங்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸில், ஐபிவி6-லும் கேட்கச் சொல்லும் லிசன் வரியை இரவு நிதானமாகச் சேர்த்தேன்.

அதுவரை வந்த ஆர்டர்களை அண்ணன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு படகுக்கும் ஐஸ் தவறவில்லை. அது அவர் உழைப்பு.

இப்போது நான் துறைமுக வாசலில், மொபைல் டேட்டாவில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியிடுவதில்லை. எல்லாத் தவறுக்கும் “இணைக்க முடியவில்லை” என்ற ஒரே வாசகம் காட்டியதையும் மாற்றிவிட்டேன். டிஎன்எஸ், டைம்அவுட், மறுப்பு, சான்றிதழ் (சர்வர் உண்மையானதுதான் என்று காட்டுவது) என்று தனித்தனியாக இப்போது தெரியும்.

*

திருவொற்றியூரிலிருந்து:

சான்றிதழ் என்றீர்களே, என் கதை அதுதான். கேன் தண்ணீர் போடும் ஒரு தம்பியின் போனில் மட்டும் எங்கள் ஆப் இணையவில்லை. நெட்வொர்க்கை இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் போனில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த பழைய போன், சிம்மும் இல்லை. போனின் கணக்குப்படி எங்கள் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை, அதனால் மறுத்திருக்கிறது. தேதியைச் சரிசெய்ததும் சரியாகிவிட்டது.

*

காசிமேடு அனுபவம் எழுதியவர்:

நல்லவேளை சொன்னீர்கள் சார். சான்றிதழ் தவறு வந்தால் போனின் தேதியையும் திரையில் சேர்த்துக் காட்டும்படி இன்றே மாற்றுகிறேன்.