நேப்பர்வில்: பழைய நகர்ப்பகுதியா, தெற்குப் புறநகரா?

வீடு தேடுபவர்:
சிகாகோவின் மேற்குப் புறநகரான நேப்பர்வில்லில், ரூட் 59 அருகே வாடகைக்கு இருக்கிறோம். இதே ஊரில் சொந்த வீடு வாங்க எண்ணித் தேடியதில் இரண்டு வீடுகள் எங்கள் கணக்குக்குள் வந்திருக்கின்றன. ஒன்று, நார்த் சென்ட்ரல் கல்லூரியை ஒட்டிய வரலாற்றுப் பகுதியில், 1910-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட மூன்று படுக்கையறை வீடு. மற்றது, ஊரின் தெற்கே 95ஆம் தெருப் பக்கம் 1990களில் எழுந்த வீடு. பரப்பு ஏறக்குறைய இருமடங்கு, விலையோ ஒன்றுதான். என் பெற்றோர் ஆண்டில் பாதிக் காலம் எங்களுடன் இருப்பார்கள். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். காரை எடுக்காமல் நடந்தே போய்வரலாம் என்னும் ஒரு வசதிக்காக, இத்தனை பழையதும் இத்தனை சிறியதுமான வீட்டை வாங்குவது சரியா என்பதே என் கேள்வி. பள்ளி மாவட்டத்தை இதில் இழுக்க வேண்டாம். 203, 204 இரண்டுமே எங்களுக்கு நிறைவுதான்.

ஆற்றங்கரைவாசி:
சரிதான் என்பேன். ஊர் எப்படி உருவானது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1831-இல் ஜோசப் நேப்பர் டூபேஜ் ஆற்றின் மேற்குக் கிளைக் கரையில் குடியேறியபோது தொடங்கிய ஊர் இது. ரயில் பாதை 1864-இல் வந்தது. பிளெயின்ஃபீல்டில் இருந்த கல்லூரி 1870-இல் இங்கே இடம் மாறியது. ஆற்றுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவை மக்கள் காலால் கடந்த காலம் அது என்பதால், கடையும் பள்ளியும் தேவாலயமும் வீடும் அந்தத் தொலைவுக்குள்ளேயே அமைய வேண்டியிருந்தது. 1960-இல்கூட இவ்வூரின் மக்கள்தொகை பதின்மூவாயிரத்தை எட்டவில்லை. 2000-இல் அது 1,28,358. இடையில் சேர்ந்தவர்களுக்காக வயல்களைப் பிரித்து மனை போட்டு உருவாக்கியதுதான் தெற்குப் பகுதி. அங்கே தெருக்கள் வளைந்து வளைந்து முட்டுச்சந்தில் முடிவதும், அடுத்த தெருவில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போகப் பெரிய சாலையைச் சுற்ற வேண்டியிருப்பதும் தற்செயல் அல்ல. வீட்டுக்கு இரண்டு கார் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டு வரைந்த வரைபடம் அது.

பழைய பகுதியில் இருந்தால் உங்கள் மகள் நிக்கல்ஸ் நூலகத்துக்குத் தானே போய்வருவாள். கோடையில் சென்டெனியல் பீச்சுக்கும் நடந்தே போகலாம். பழைய கல் குவாரியை ஊரின் நூற்றாண்டு நினைவாக 1931-இல் நீச்சல் குளமாக்கிய இடம் அது. நூற்றைம்பதாம் ஆண்டான 1981-இல் ஊர்க்காரர்களின் உடலுழைப்பும் நன்கொடையும் சேர்ந்து எழுந்த ஆற்றோர நடைபாதை உங்கள் பெற்றோருக்கு ஆகும். பெற்றோர் வருகிறார்கள் என்றீர்களே, என் கணக்கில் அதுவே முடிவைச் சொல்லிவிடுகிறது. இந்நாட்டில் கார் ஓட்டாதவர் பிறர் தயவில்தான் வெளியே போக முடியும். நம் பெற்றோரில் பெரும்பாலோர் இங்கே ஓட்டுவதில்லை.

தெற்குவாசி:
வரலாற்றை அழகாகச் சொன்னவர், நடந்து எங்கே போவது என்பதைப் பாதியில் விட்டுவிட்டார். நகர மையத்தில் இருப்பவை உணவகங்கள், உடைக்கடைகள், காபிக் கடைகள், மதுக்கூடங்கள். ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாரம் அங்கேயா கழிகிறது? இட்லி அரிசிக்கும் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் ரூட் 59-க்குத்தான் போக வேண்டும். வேங்கடேசுவரர் கோயில் ஆரோராவில் இருக்கிறது. பாட்டு வகுப்பும் பரத வகுப்பும் யாராவது ஒருவர் வீட்டுப் பேஸ்மென்டில் நடக்கின்றன. அந்த வீடுகள் பெரும்பாலும் எங்கள் பக்கம்தான். ஆக, பழைய பகுதிக்குப் போனபின் உங்கள் காரோட்டம் கூடுமே தவிரக் குறையாது. ஒரு கோப்பைக் காபிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடந்து போவதற்காக நாலு பேர் வந்தால் படுக்க இடமில்லாத வீட்டை வாங்கச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

குளிர்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை, உறைந்த நடைபாதையில் வயதானவர்களை நடக்க விடும் துணிவு எனக்கில்லை. ஆண்டில் கால் பங்குக்கு மேல் பயன்படாத வசதிக்கு ஆண்டு முழுவதும் தவணை கட்ட வேண்டுமா?

மரவேலைக்காரர்:
இருவரும் ஊரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். பழைய வீடுகளைப் புதுப்பிப்பது என் தொழில். 1910-ஐ ஒட்டிய வீடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது மின்கம்பி. பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய பழைய கம்பி சுவருக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும், மாற்றச் சுவரைத் திறக்க வேண்டிவரும். அடுத்தது வண்ணப்பூச்சு. வீடுகளுக்கு ஈயம் கலந்த பூச்சு 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. சன்னல் சட்டங்களைச் சுரண்டும்போது எழும் தூசி குழந்தைகளுக்குக் கேடு. கல் அடித்தளமாக இருந்தால் பேஸ்மென்டில் ஈரம் ஏறும். தெற்குவாசி சொன்ன பாட்டு வகுப்பை அங்கே நடத்த முடியாது.

இனி அனுமதி. உள்ளூர்ச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பகுதி. வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டிலும் 1977 முதல் இருக்கிறது. உள்ளே சமையலறையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் தெருவைப் பார்த்த முகப்பில் கை வைப்பதற்கு முன், மாற்றம் பொருத்தமானது என்ற சான்றிதழை நகரத்திடம் பெற வேண்டும். மலிவான வினைல் சன்னலைப் பொருத்திவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே செல்லாது. மறுபக்கம் ஒரு சலுகையும் உண்டு. பதிவு பெற்ற வரலாற்று வீட்டில் உரிமையாளரே குடியிருந்து, அதன் சந்தை மதிப்பில் கால் பங்குக்குக் குறையாமல் செலவிட்டு, மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் ஒப்புக்கொண்ட முறையில் புதுப்பித்தால், சொத்துவரிக்கான மதிப்பீட்டை இல்லினாய் மாநிலம் 8 ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்து, அடுத்த 4 ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்தும். உறைவது மதிப்பீடுதான், வரி விகிதம் அல்ல. வேலையைத் தொடங்கிவிட்டு விண்ணப்பித்தால் சிக்கல். உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

தெற்குவாசி:
என் பணத்தில் வாங்கிய வீட்டின் சன்னலை மாற்ற நகரத்தின் ஒரு குழுவின் முன் நிற்க வேண்டும் என்பதை மரவேலைக்காரர் இவ்வளவு அமைதியாகச் சொன்னது எனக்கு வியப்பாக இருக்கிறது. அழகைத் தெருவில் போகிறவர் பார்க்கிறார், செலவை வீட்டுக்காரர் ஏற்கிறார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

ஆற்றங்கரைவாசி:
உங்கள் பகுதியில் வீட்டு உரிமையாளர் சங்கம் இல்லையா? வேலியின் உயரம், கூரை ஓட்டின் நிறம், கொல்லையில் கொட்டகை போடலாமா என்பதையெல்லாம் அச்சிட்ட விதிப்புத்தகமாகத் தந்து, அதற்குச் சந்தாவும் வாங்கும் அமைப்பின்கீழ் வாழ்ந்துகொண்டு, நகரக் குழுவைக் குறை சொல்வது பொருந்தவில்லை. குழுவின் கூட்டம் எல்லாருக்கும் திறந்தது. யாரும் எழுந்து பேசலாம்.

அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கும் இவ்வூரிலேயே சான்று உண்டு. நகர மையத்தைச் சுற்றி, பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருந்த சிறு வீடுகள் பல ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு, மனையை அடைத்துக்கொண்டு நிற்கும் மாளிகைகளாக மாறிவிட்டன. 1834-இல் தொடங்கிய பிரீ-எம்ப்ஷன் ஹவுஸ் என்னும் விடுதி 1946-இல் இடிக்கப்பட்டது. இன்று நேப்பர் செட்டில்மென்ட் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது அதன் நகல். வாஷிங்டன் தெருவில், ஜேம்ஸ் நிக்கல்ஸ் விட்டுச்சென்ற 10,000 டாலரில் 1898-இல் எழுந்த பழைய நூலகக் கட்டடத்துக்கும் ஆபத்து வந்தது. மக்கள் எதிர்த்து நின்றதால்தான் 2017-இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. நடக்கத் தக்க தெரு என்பது நடைபாதைக் கற்களால் மட்டும் ஆவதில்லை. இரண்டு பக்கமும் வீடுகள் தெருவை நெருங்கி நின்று, திண்ணை போன்ற முன்வராந்தாவில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று கார் நிறுத்தும் அறை தெருவைப் பார்த்து வாய் திறந்திருக்கும் இடத்தில் யாரும் உலாவ விரும்ப மாட்டார்கள்.

ரயில் பயணி:
இடையில் ஒரு குறிப்பு. பழைய பகுதியின் வடக்கு விளிம்பில் மூன்று தண்டவாளங்கள் ஓடுகின்றன. பயணிகள் வண்டி மட்டுமன்றி, மைல் நீளச் சரக்கு வண்டிகளும் இரவெல்லாம் போகும். 1946 ஏப்ரலில் லூமிஸ் தெருவருகே, நின்றிருந்த வண்டியின்மேல் பின்னால் வந்த வண்டி மோதி 45 பேர் இறந்த பாதை இதுதான். பாதுகாப்பு அன்றுபோல் இல்லை என்றாலும், ஓசை இருக்கத்தான் செய்யும். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஞாயிறு பகலில் போகாதீர்கள். வேலைநாள் இரவில் போய்த் தெருவில் நில்லுங்கள். சிகாகோவில் உங்களுக்கு வேலை என்றால் இந்த ஓசையையே நான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் நிலையத்துக்கு நடந்து போகிறவருக்கு நிறுத்துமிடக் கவலை கிடையாது. ஒரு காலத்தில் அங்கே நிறுத்த அனுமதிச்சீட்டு வாங்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவரானால் இந்த ஆதாயம் பூஜ்யம்.

கும்பகோணத்துப் பெரியவர்:
இங்கே பெற்றோரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பெற்றோர் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். மகன் வீடு தெற்குப் பக்கம். குறை சொல்ல எதுவுமில்லை. அறை பெரிது, கழிப்பறை தனி, மருமகள் அன்பாக நடத்துகிறாள். காலையில் மழைநீர்க் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். பாதையும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரில் நான் நடந்தது உடம்புக்காக அல்ல. மடத்துத் தெருவில் போனால் திரும்பும்போது கையில் பாலோ பூவோ இருக்கும், வழியில் நாலு பேர் நிறுத்தி ஏதாவது கேட்பார்கள், ஒரு வேலையை முடித்த நிறைவு இருக்கும். இங்கே குளத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறேன். பிற்பகல் முழுவதும் சன்னலுக்கு வெளியே மனிதரைப் பார்ப்பதே அரிது.

சனிக்கிழமைகளில் மகன் நகர மையத்தில் இறக்கிவிடுவான். நூலகத்தில் பத்திரிகை படித்துவிட்டு, ஆற்றோரப் பலகையில் உட்கார்ந்து, தபால் வில்லை ஒன்று வாங்கி வந்தாலும் அந்த நாள் எனக்கு நாளாகத் தெரியும். ஆனால் தம்பி, பழைய வீட்டை வாங்குமுன் மாடிப்படியைப் பாருங்கள். நண்பர் ஒருவரின் பிள்ளை அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார். படி செங்குத்து, கீழ்த்தளத்தில் கழிப்பறையே இல்லை. என் முழங்கால் அங்கே ஒரு வாரம் தாங்காது. தெரு நடக்கத் தக்கதாக இருந்து வீடு நடக்கத் தகாததாக இருந்தால் என்ன பயன்?

தெற்குவாசி:
ஐயா எழுதியதைப் படித்தபின் என் பக்கத்து வாதம் இன்னும் உறுதிப்படுகிறது. அவருக்கு வேண்டியது நகர மையம். அங்கே வீடு அல்ல. எங்கள் தெருவிலிருந்து காரில் அரைமணிக்குள் போய்விடலாம், பொது நிறுத்தக் கட்டடங்களில் கட்டணம் கிடையாது. பெரிய வீடும் கிடைக்கிறது, ஆற்றோர நடையும் கிடைக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கூடம் மூடும் நேரத்து இரைச்சல் மட்டும் கிடைக்காது. அதை நான் இழப்பாகக் கருதவில்லை. ஆறும் எப்போதும் ஓவியம்போல் இருப்பதில்லை: 1996 சூலையில் பக்கத்து ஆரோராவில் ஒரே நாளில் 16.91 அங்குல மழை கொட்டியபோதும், 2013 ஏப்ரலிலும் பெருகி வந்தது. வெள்ளச் சேதத்தை வழக்கமான வீட்டுக் காப்பீடு ஏற்காது.

ஆற்றங்கரைவாசி:
வரலாற்றுப் பகுதி ஆற்றிலிருந்து விலகிக் கிழக்கே மேட்டில் இருக்கிறது; வெள்ள வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "அரைமணிக்குள் போய்விடலாம்" என்கிறீர்களே, யார் போகலாம்? நீங்கள் போகலாம். ஐயா சனிக்கிழமைதான் போகிறார், மகனுக்கு நேரமிருந்தால் போகிறார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவருக்குத் தோன்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதே நிலைதான்; நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதைக்கூட அம்மாவின் அலுவலகக் கூட்டம் முடியும்வரை ஒத்திவைக்க வேண்டும். தெற்குப் பகுதி வசதி என்பது வீட்டில் கார் ஓட்டுகிற இருவரின் பார்வையில் மட்டும்தான். மற்ற மூவரின் போக்குவரத்தை நாம் சுமக்கிறோம். அந்த மணி நேரங்களை எந்த வீட்டு விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது.

தெற்குவாசி:
பிள்ளைக்குப் பதினாறு வயதில் ஓட்டுநர் உரிமம் வந்துவிடும். அதுவரை மிதிவண்டி இருக்கிறது. எங்கள் பக்கமும் பாதைகள் உண்டு. ஐயாவைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அவரே சொன்ன மாடிப்படிக்கு உங்களிடமும் பதில் இல்லை.

வீடு தேடுபவர்:
நேற்று மாலை மறுபடியும் போய்ப் பார்த்தேன். பெரியவர் அஞ்சியபடியே கீழ்த்தளத்தில் கழிப்பறை இல்லை, படியும் செங்குத்துதான். பின்பக்கம் ஒரு படுக்கையறையும் குளியலறையும் சேர்த்துக் கட்ட அந்தப் பகுதியில் அனுமதி கிடைக்குமா?

மரவேலைக்காரர்:
முகப்புக்குக் காட்டும் கண்டிப்பைப் பொதுவாகப் பின்புறத்துக்குக் காட்டுவதில்லை. தெருவிலிருந்து கண்ணில் படாத, பழைய கூரையைவிடத் தாழ்ந்த சேர்க்கையை ஒப்புக்கொள்வது வழக்கம். உங்களைத் தடுக்கக்கூடியது மனையின் அளவு. மனையில் எத்தனை விழுக்காடு கட்டலாம், பின் எல்லையிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதை நில அளவைப் படத்துடன் நகரத் திட்டப் பிரிவில் கேளுங்கள். விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். ஒப்பந்தத்தில், ஆய்வுக்குப் பின் விலகிக்கொள்ளும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தெற்குவாசி:
அந்தச் சேர்க்கைக்கு ஆகும் செலவையும் வீட்டு விலையோடு கூட்டி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொகையைப் பார்த்து மனம் மாறினால் சொல்லுங்கள். எங்கள் தெருவில் கீழ்த்தளப் படுக்கையறையோடு ஒரு வீடு விலைக்கு வருகிறது.