பந்தியிலிருந்து எழுந்ததும் ஐயா (தாத்தா) சாய்ந்துவிட்டார், உங்கள் வீட்டிலும் நடந்ததுண்டா?

கானாடுகாத்தான் பேரன்:
அண்ணன் கல்யாணம், வைகாசி வெயில், மதியப் பந்தி. ஐயா தடுக்கில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். இலையை மடித்து எழுந்தவர் இரண்டு எட்டுதான் வைத்திருப்பார். வளவு (உள்முற்றம்) ஓரத்துத் தூணைப் பிடித்த கை அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. உதடு சாம்பல் நிறம். ஆளாளுக்குத் தூக்கி நாற்காலியில் வைக்கப் பார்த்தார்கள். நர்ஸாக இருக்கும் அயித்தைதான், "அப்பச்சியை உட்காரவைக்காதீங்க, படுக்கப் போடுங்க" என்று கத்திக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்த கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். அந்தக் கை வழுக்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிறகு பார்த்ததில் மேல் ரத்த அழுத்தம் படுக்கையில் 148, நின்றதும் 116.

தேவகோட்டை மருமகள்:
சர்க்கரை இறங்கியிருக்கும். என் மாமியாரும் விடியக்காலையில் எழுந்து நிலைப்படியில் சாய்ந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டார்.

காரைக்குடி வாத்தியார்:
வயிறாரச் சாப்பிட்டவருக்குச் சர்க்கரை எப்படி இறங்கும் தாயி? உங்கள் மாமியாரும் படுத்ததால்தான் தெளிந்திருப்பார். எனக்கே பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்தின்போது கண் இருட்டியிருக்கிறது.

இது எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவது. நின்றவுடன் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள், அதனால் அழுத்தம் குறைவதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கும். உடனே தானாக இயங்கும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களைச் சுருக்கும், இதயத்துடிப்பும் கூடும். எல்லாம் சில நொடிக்குள். விருந்து சாப்பிட்டால் குடலுக்கு ரத்தம் அதிகம் போகிறது, வெயிலில் தோலின் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. வயதானவருக்கு அந்தச் சுருக்கம் ஈடுகொடுக்காது. நீண்டநாள் சர்க்கரை நோய் அந்த நரம்புகளையே கெடுக்கும். நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஐயாவுக்கு 32 குறைந்திருக்கிறது! எழும்முன் கணுக்காலை ஆட்டச் சொல்லுங்கள், கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். தலை கிறுகிறுத்தால் காலைப் பின்னி இறுக்கி நிற்கட்டும், இல்லையென்றால் உட்கார்ந்துவிடட்டும். அப்புறம், புராஸ்டேட் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

கானாடுகாத்தான் பேரன்:
ஆமாம் சார், டாம்சுலோசின். டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்டார். குழாயைச் சுருங்கச் சொல்லும் ஆல்ஃபா ஏற்பியை அது அடைத்துவிடுமாம். மாத்திரையை மாற்றித் தந்திருக்கிறார்.

தேவகோட்டை மருமகள்:
மாமியார் பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். நாளைக்கே படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்க்கச் சொல்கிறேன்.