தக்காளி இலை ஓரம் கருகுகிறது, புரோலின் டானிக் அடிக்கலாமா?

வெள்ளகோவில்_தோட்டம்:
தக்காளியில் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருள்கிறது. மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துகொள்கிறது. புரோலின், பீட்டெயின் என்று சில செடிகள் தாமே செய்துகொள்ளும் பொருள்கள் கலந்த டானிக் அடித்தால் செடி தாங்கும் என்கிறார்கள் மருந்துக் கடையில். விலையோ தலை சுற்றுகிறது. வாங்கலாமா? அவசரம்ங்க.

பல்லடம்_சொட்டுநீர்:
போர்த் தண்ணீரா, வாய்க்கால் தண்ணீரா? பூ வந்துவிட்டதா? கருகுவது அடி இலையா, கொழுந்தா? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படிங்க?

செம்மண்:
அடி இலை ஓரம் என்றால் பொட்டாஷ் குறைதான். சந்தேகமே வேண்டாம். மியூரியேட் பொட்டாஷ் உரம் விடுங்கள்.

ஆழியாற்றுக்காரன்:
பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. சரி, சொல்கிறேன். வேரில் உப்போ வறட்சியோ தாக்கினால் செடி குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே புரோலின் செய்துகொள்ளும். உள்ளே வந்த சோடியத்தை செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் தள்ளி அடைக்கும். பைக்கு வெளியே புரோலினைச் சேர்த்துவைக்கும். அப்போதுதான் பைக்குள் இருக்கும் உப்பு சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்ளாது, புரதங்களும் குலையாது. பீட்டெயினும் இதேபோல் செல்லைக் காக்கும் பொருள்தான், ஆனால் விஷயம் வேறு. பீட்ரூட், பாலக்கீரை அதை நிறையச் செய்யும். தக்காளி கிட்டத்தட்டச் செய்வதே இல்லை. வெளியிலிருந்து கொடுப்பதில் அர்த்தம் இருந்தால் அதற்குத்தான் இருக்கும்.

மீன்_கரைசல்:
புரோலினும் அமினோ அமிலம்தானே? மீனை வெல்லத்தோடு ஊறவைத்த மீன் அமிலம் அடித்தால் போதாதா? நான் வேறெதுவும் அடிப்பதில்லை.

பல்லடம்_சொட்டுநீர்:
ஆழியாற்றுக்காரர் அண்ணா, புரோலின் ஏறுவது தாங்கும் சக்தியா, தவிப்பின் அடையாளமா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓடுகிறது. உப்பு தாங்காத ரகங்களிலும்தான் அது ஏறுகிறது. காய்ச்சல்காரனுக்கு உடம்பு சுடுகிறது என்பதற்காக இன்னும் சூடு ஏற்றுவோமா?

ஆழியாற்றுக்காரன்:
தாங்கும் ரகத்தில் எப்போது ஏறுகிறது, எங்கே ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் காய்ச்சல் என்று சொல்லிவிட முடியாது.

உடுமலை_சந்தை:
உப்புத் தண்ணீர்த் தக்காளிக்கு ருசி அதிகம் என்பதை யாருமே சொல்லவில்லையே! காய்க்குள் நீர் குறைவதால் சர்க்கரையும் புளிப்பும் கூடி நிற்கும்.

செம்மண்:
காயும் சிறுத்துப்போகும். பெட்டி நிறையாமல் ருசியை வைத்து என்ன செய்ய? யாவாரி ருசி பார்த்தா காசு கொடுக்கிறார்?

உடுமலை_சந்தை:
வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பார்க்கிறார்களே.

வெள்ளகோவில்_தோட்டம்:
போர்த் தண்ணீர்தான். பூ வந்துவிட்டது. அடி இலை. சொட்டுநீர் போட்டிருக்கிறேன். தண்ணீர் பரிசோதனைச் சீட்டில் உப்பைக் காட்டும் ஈ.சி. (மின்கடத்துதிறன்) 3.2.

பல்லடம்_சொட்டுநீர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்ங்க. பாசன நீர் 1.7 தாண்டினாலே தக்காளி மகசூல் இறங்கத் தொடங்கும். இலை நீரை ஆவியாக விட்டுவிடுகிறது, உப்பு ஓரத்தில் தங்கிக் கருக்குகிறது. மியூரியேட் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, இந்தத் தண்ணீரோடு அது வேண்டவே வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் சல்பேட் வடிவம் வாங்குங்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் உங்கள் மண்டலத்துக்கு முறை வரும்போது நன்றாகப் பாய்ச்சி, உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள். அதுவரை மண் காயவிடாமல் அடிக்கடி சொட்டு விட்டு, மூடாக்குப் போடுங்கள். டானிக் உப்பை வெளியேற்றாது. சொட்டு விழுந்த ஈர வட்டத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறதா?

வெள்ளகோவில்_தோட்டம்:
பூத்திருக்குதுங்க. டானிக் வாங்கவில்லை. ஜிப்சம் போடலாமா?

பல்லடம்_சொட்டுநீர்:
சீட்டில் எஸ்.ஏ.ஆர். (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்ற விகிதம்) எவ்வளவு என்று போடுங்கள். சோடியம் மிகுந்திருந்தால்தான் அதை விலக்க ஜிப்சம். இல்லையென்றால் உப்போடு உப்புச் சேர்ப்பதாகிவிடும்.

ஆழியாற்றுக்காரன்:
மண் பரிசோதனையும் வேண்டும். தண்ணீர்ச் சீட்டு மட்டும் போதாது.